வர்றேன் சொல்லக் கூடாத நிறுத்தம்

சுகாசினியின் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் எதை வேண்டுமானாலும் பேசலாம். மாமியாரைத் திட்டலாம், கட்சி பேசலாம், செல்போனில் சத்தமாகப் பாட்டு வைத்தால்கூட இரண்டு நிறுத்தம் வரை பொறுத்துக்கொள்வாள். ஒரே ஒரு வார்த்தையைத்தான் அவளால் பொறுக்க முடியாது. அதுவும் ஒரே ஒரு இடத்தில்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து பாலுசெட்டிசத்திரம் வழியாகத் திருப்புட்குழி வரை அவள் வண்டி ஓடுகிறது. நடுவில் நெடுஞ்சாலை ஓரமாகக் கேன்சர் ஆஸ்பத்திரி. அங்கே இறங்குகிறவர்கள் பழக்க தோஷத்தில் "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுக் காலைக் கீழே வைத்தால் தொலைந்தது. இவள் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்புவாள்.

"இன்னா சொன்னீங்க? வர்றேனா? எங்க வர்றீங்க, திரும்பவும் இங்கயா? போறேன்னு சொல்லுங்க. உள்ள டாக்டராண்டயும் அதேதான். கும்புடு போட்டுட்டுப் பேசாம வெளிய வந்துக்கினே இருக்கணும். புரிஞ்சுதா?"

வேறு எங்காவது 'போறேன்' என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் வாயிலேயே போடுவார்கள். ஆஸ்பத்திரியிலும் சாவு வீட்டிலும் மட்டும் 'வர்றேன்' கூடாது. எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அதைப் போக்குவரத்து விதி மாதிரி அமல்படுத்துகிறவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான். எழுபது வயதுப் பெரியவராக இருந்தாலும் அவர் வாயால் 'போறேன்' வந்த பிறகுதான் வண்டி நகரும். பின்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அவசரம் என்றால் அது எங்கள் பாடு.

நான் மனோன்மணி. கிழக்கு ராஜ வீதிப் பக்கம் ஒரு விதைக் கடையில் கல்லாவில் உட்காருகிறேன். வீட்டுக்காரர் ஸ்ரீபாலன் திருப்புட்குழிக்கு அந்தப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறார். நாங்கள் சமணர்கள். பட்டுக்குப் பேர்போன ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, புழு பாவம் என்று பட்டு கட்டாத பொம்பளை நான். அதைவிட முக்கியம், பொழுது சாய்ந்த பிறகு நாங்கள் சாப்பிட மாட்டோம். பசித்தாலும் மறுநாள் காலைதான். அதனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேருவது எனக்கு வயிற்றுப் பிரச்சினை.

ஆள் நிரம்பாமல் ஷேர் ஆட்டோ நகராது என்பது ஊரறிந்த விஷயம். சுகாசினி எனக்காக நகர்த்துவாள். "அக்காக்குப் பொழுது போவுது, வழியில ஏத்திக்கலாம்" என்று பாதி வண்டியோடு கிளம்பிவிட்டு, வழியெல்லாம் தலையை வெளியே நீட்டி ஆள் கூப்பிட்டுக்கொண்டே வருவாள். பாலுசெட்டியில் நின்று கூப்பிட்டால் திருப்புட்குழிப் பெருமாளுக்குக் கேட்கும், அப்படி ஒரு தொண்டை. மார்கழியில் பொழுது சீக்கிரம் சாய்கிற நாட்களில் கடை வாசலுக்கே வந்து ஹாரன் அடிப்பாள். எங்கள் முதலாளி என்னைவிட அவளுக்குத்தான் பயப்படுவார்.

அவள் பிறந்தது கூரத்தில். அப்பா அந்தோணி ஊரார் நிலத்தில் கூலிக்கு அறுத்தவர். என் மாமனார் களத்திலும் அவர் வேலை பார்த்திருக்கிறார். இன்று அவர் மகள் வண்டியில் எனக்கு இடம் கிடைக்குமா என்று நான் ரோட்டில் நிற்கிறேன். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இடம் கிடைக்காத நாளைத் தவிர.

வண்டி முதலில் அவள் புருஷன் ராஜவேலுவுடையது. அவருக்கு ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை கிடைத்ததும் அதை விற்றுவிடலாம் என்றார். அதற்குள் இவள் ஏரிக்கரையில் ஓட்டிப் பழகிவிட்டு, ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவரை ரோட்டிலிருந்து வீட்டுக்குத் தானே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். அதோடு விற்கிற பேச்சு முடிந்தது. சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை, கண்ணாடிக்கு மேலே பிறந்த வீட்டு மாதாவும் புகுந்த வீட்டுக் காமாட்சியும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் சேர்த்து ஒரே பூச்சரம். அவள் ஓட்ட ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கும் மேலாகிறது.

போன புரட்டாசியில்தான் அதை நான் பார்த்தேன். வெயிலில் வந்தவள் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஒவ்வொரு மடக்குக்கும் கழுத்தில் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது. வலப்பக்கம், கோலிக்குண்டு அளவு.

"சுகாசினி, கழுத்துல அது இன்னா?"

"எது?"

"இன்னொரு மடக்கு குடி."

குடித்தாள். தொட்டுப் பார்த்தாள். "காலைல சாப்ட்ட இட்லிக்கா அது. எறங்கிடும்" என்றாள்.

இறங்கவில்லை. நான் விடவும் இல்லை. ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். ரத்தப் பரிசோதனை சரியாகத்தான் இருந்தது. ஸ்கேனில் தைராய்டில் மூன்று கட்டிகள் தெரிந்தன. இரண்டைப் பற்றிக் கவலையில்லை, வலப்பக்கத்தில் இருப்பதை மட்டும் ஊசி வைத்து எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்றார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனாலும் பார்க்காமல் விடக் கூடாது என்றும் சொன்னார். எங்கே பார்ப்பது என்று எழுதிக் கொடுத்தார். வேறு எங்கே, அந்த நிறுத்தத்தில்தான்.

ஊசிக்குத் தேதி கிடைக்கும் வரை அவள் காத்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஐப்பசிப் புழுக்கத்தில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். கேட்பவர்களிடம் பனி என்றாள். வீட்டில் மகள் சிம்ரன், "அம்மா, நீ கூகுள் பண்ணாத. நான் பண்ணிச் சொல்றேன்" என்று போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். கல்லூரியில் படிக்கிற பெண், நல்லதாக எழுதியிருப்பதை மட்டும் படித்துக் காட்டினாளாம். மற்றதைப் படித்துவிட்டு அவள் குளியலறையில் அழுதது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள் சுகாசினி. சாயங்காலம் வண்டி கிளம்புவதற்கு முன் துப்பட்டாவைத் தளர்த்திவிட்டு அண்ணாந்து தண்ணீர் குடிப்பாள். நான் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

"பெருசாயிருக்குதாக்கா?"

"நேத்து இருந்த மாதிரிதான் இருக்குது."

"நல்லாப் பாருங்க. கண்ணாடி போட்டுக்கினு பாருங்க."

கண்ணாடி போட்டுக்கொண்டும் அதையே சொல்வேன். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. பெருமூச்சு விட்டுச் சாவியைத் திருகுவாள். என் சொல்லை நம்பி ஒரு மனுஷி அன்றைய ராத்திரி தூங்கப் போகிறாள் என்பது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. வீட்டில் யார்மேலாவது எரிந்து விழுவேன். ஸ்ரீபாலன் ஒன்றும் கேட்காமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவார்.

இன்னொன்றும் நடந்தது. அந்த நிறுத்தத்தின் பெயரை அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். மற்ற நிறுத்தமெல்லாம் எப்போதும்போல முழங்கும். ஆஸ்பத்திரி வந்தால் மட்டும் வண்டி பேசாமல் நிற்கும், பேசாமல் கிளம்பும். ஒருநாள் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டிருந்த வெளியூர்த் தம்பதி இறங்கத் தெரியாமல் பாலுசெட்டி வரை வந்துவிட்டார்கள். சுகாசினி வண்டியைத் திருப்பி, எங்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு, அவர்களைக் கொண்டுபோய் வாசலிலேயே விட்டாள். அந்த அம்மா நன்றியோடு "வர்றேம்மா" என்றார். சுகாசினி திரும்பவே இல்லை. அன்றைக்குத்தான் இவள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

முதல் ஊசிக்குச் சிம்ரன் கூடப் போனாள். மறுநாள் சாயங்காலம் ஆவலோடு கேட்டேன், வலித்ததா என்று.

"எறும்புக் கடிதான். அத வுடுங்க. அதவிடப் பெரிய தப்பு ஒண்ணு பண்ணிட்டேன்."

"இன்னா பண்ணே?"

"எல்லாம் முடிச்சிட்டு அந்த டாக்டரு, நல்லா ஒத்துழைச்சீங்கம்மான்னு சிரிச்சிக்கினே சொன்னாரு. சின்னப் புள்ளைங்க மாதிரி மொகம். நானும் கையெடுத்துக் கும்புட்டு, வர்றேன் சார்னு சொல்லிட்டேங்க்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவள். அவள் சிரிக்கவில்லை. சொன்ன வாயை இரண்டு விரலால் தட்டிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. எடுத்த செல்கள் பார்க்கப் போதுமான அளவு இல்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இப்படி நடப்பது சகஜம், இந்தத் தடவை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுப்போம் என்று சொல்லி வேறு தேதி கொடுத்தார்கள். அதை நான் விளக்கினேன், சிம்ரன் விளக்கினாள், ராஜவேலு தனக்குத் தெரிந்த அளவுக்கு விளக்கினார். சுகாசினி யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

"நான்தானே வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். கூப்ட்டுட்டாங்க. நான் போவ மாட்டேன்."

கொடுத்த தேதி வந்தது. அன்று பூரா அவள் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியைக் கடந்து போவதும் வருவதுமாக, எத்தனை நடையோ. சாயங்காலம் கடைசி ஆள் இறங்கியதும் நான் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது.

"உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? ஒரு வார்த்த சொன்னதுக்காக உயிர வெச்சி வெளையாடுவியா?"

"கத்தாதக்கா. உனக்கு இன்னா தெரியும்?"

கோபம் வந்தால் அவளிடம் 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். எனக்கு அது பிடிக்கும். அன்று ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

"தெரியாதுதான். சொல்லு."

ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அந்த ஸ்டாப்ல எறங்குறவங்க மாசக் கணக்கா வருவாங்க. மூஞ்சி பழகிடும். புள்ள என்ன படிக்குது, ஊர்ல மழையா, எல்லாம் பேசுவாங்க. அப்புறம் ஒருநாள்லேர்ந்து வர மாட்டாங்க. நல்லாயி வரலியா, இல்ல... எனக்கு யாருக்கா வந்து சொல்றது? வரலன்னா நல்லா இருக்காங்கன்னு நெனச்சிக்குவேன். அதுக்குத்தான் எல்லாரையும் போறேன்னு சொல்லச் சொல்றது. அப்டி நெனச்சாதான் என்னால இந்த ரோட்ல வண்டி ஓட்ட முடியும். இப்ப நானே வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

இத்தனை வருஷமாகப் பின்னால் உட்கார்ந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டு சலித்திருக்கிறேனே தவிர, முன்னால் உட்கார்ந்திருப்பவள் அத்தனை பேரையும் மனசில் சுமந்துகொண்டு ஓட்டுகிறாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள்மேல் இருந்த பிரியம் அன்றைக்கு இரண்டு பங்காகிவிட்டது. ஆனால் பிரியம் இருக்கிறது என்பதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

அடுத்த வாரம் கடைக்கு மத்தியானத்தோடு விடுப்புச் சொல்லிவிட்டு, அவள் வண்டியில் ஏறினேன்.

"இன்னாக்கா, சீக்கிரமே வீட்டுக்கா?"

"இல்ல. ஆஸ்பத்திரில எறக்கி வுடு. உன் ஆஸ்பத்திரிச் சீட்டு எங்க?"

"எதுக்கு?"

"நான் போயி உன் பேர எழுதி வெச்சிட்டு உக்காந்துக்கினு இருக்கேன். நீ எப்ப வர்றியோ அப்ப வா."

வண்டிப் பெட்டியில் மாதா படத்துக்குக் கீழேதான் சீட்டு இருந்தது. நானே எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் எதிரில் அவளால் என்னோடு மல்லுக்கட்ட முடியவில்லை. இறங்கும்போது நான் 'போறேன்' என்று சட்டப்படியே சொன்னேன்.

ஸ்கேன் வைத்து ஊசி போடுகிற டாக்டர் மத்தியானத்துக்கு மேல்தான் உட்காருவாராம். நீளமான கூடம், ஜன்னல் வழியாக ரோடு தெரியும். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் வண்டியின் ஹாரன் எனக்கு நூறு ஹாரனுக்கு நடுவிலும் தெரியும். ஊரைப் பார்த்துப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். ஒரு தடவை வாசலுக்கு நேரே வண்டி நின்றது. எழுந்து பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டது. மூன்று மணிக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். நர்சம்மா ஒரு மாதிரிப் பார்த்தார். கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுவேன் என்று எங்கள் வீட்டில் யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கார்த்திகை வெயில் நான்கு மணிக்கே மஞ்சளாகிவிடுகிறது. தரையில் கிடந்த வெளிச்சம் மெல்லச் சுவரில் ஏறியது. கூடத்தில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. இவள் வரவில்லையென்றால் நான் என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

வந்தாள். கையில் வண்டிச் சாவி, முகமெல்லாம் வேர்வை.

"அக்கா, நேரம் இன்னா தெரியுமா? பொழுது போவுது. எழுந்து வா."

"உன் பேரக் கூப்புடட்டும். அப்புறம் போலாம்."

"நீ சாப்ட முடியாதுக்கா. இப்பக் கெளம்பினா வீட்டாண்ட வுட்டுடுவேன். விடியவிடியப் பட்டினி கெடப்பியா?"

"கெடந்துட்டுப் போறேன். நீ உக்காரு."

என்னை எரித்துவிடுவது மாதிரி பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் உருவிக்கொள்ளவில்லை.

பெயரைக் கூப்பிட்டபோது துப்பட்டாவை அவிழ்த்துச் சாவியோடு என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். என்னைக் கதவோரம் நிற்க விட்டார்கள். "எச்சில் முழுங்காதீங்க, பேசாதீங்க" என்றார் டாக்டர். முதலாவதைவிட இரண்டாவதுதான் அவளுக்குக் கஷ்டம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் கால் கட்டை விரல் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நவகாரம் சொன்னேன். அது எங்கள் பிரார்த்தனை. அவளுக்கு மாதாவும் காமாட்சியும் இருக்கிறார்கள்தான், கூட ஒரு கை இருக்கட்டுமே என்றுதான்.

எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இந்தத் தடவை போதுமான அளவு வந்திருக்கிறது என்றார்கள். அது என்ன என்பதை மட்டும் பிறகுதான் சொல்வார்கள். சுகாசினி கழுத்தில் பிளாஸ்திரியோடு எழுந்து உட்கார்ந்தாள். டாக்டருக்கு அவளை நினைவிருந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் ரெடியாயிடும். போன முறை தேதி கொடுத்தும் நீங்க வரலையேம்மா. இந்த முறை வருவீங்களா?"

பேசாமல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம், அதுதான் அவள் போட்ட விதி. கும்பிடக் கைகூட எழுந்துவிட்டது. பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். என் பின்னால் ஜன்னலில் வெளிச்சம் சுத்தமாகப் போயிருந்தது.

"வர்றேன் சார்" என்றாள்.

நிறுத்தத்தில் ஆள் கூப்பிடுகிற குரலில் சொன்னாள். கூடத்தில் மிச்சமிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே டீக்கடையில் விளக்கு போட்டிருந்தார்கள். காலையிலிருந்து பயத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை, பசிக்கிறது என்று அவளே சொன்னாள். டீயும் பன்னும் வாங்கச் சொன்னேன். வேண்டாம் என்று வண்டியைக் கிளப்பினாள்.

"பசிக்குதுன்னு சொன்னியே?"

"பொழுது போயிடுச்சில்ல."

"நாங்கதான் சாப்ட மாட்டோம். உனக்கு இன்னா அதெல்லாம்?"

"என்னாலதானே நீ பட்டினி. உன்னப் பின்னால உக்கார வெச்சிக்கினு நான் பன்னு துன்றதா? சும்மா வாக்கா. காலைல பாத்துக்கலாம்."

நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. அன்று திருப்புட்குழி வரை அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். இருட்டில் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அன்று சாயங்காலம் முழுக்க ஒரு தடவைகூட என்னை 'நீங்க' என்று சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரி நிறுத்தம் மறுபடி முழங்குகிறது. நேற்று ஒரு பாட்டியம்மா அங்கே இறங்கும்போது வாய் தவறி "வர்றேன் கண்ணு" என்றார். நாங்கள் எல்லோரும் சுகாசினியைப் பார்த்தோம். அவள் இன்ஜினை அணைக்கவில்லை. "வாங்க ஆயா. நான் இந்த ரோட்லதான் ஓட்டிக்கினு இருப்பேன். சாயங்காலம் நானே வந்து ஏத்திக்கிறேன்" என்றாள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. ரிப்போர்ட்டில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்றும் தண்ணீர் குடித்துக் காட்டினாள், நேற்று இருந்த மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலாளியிடம் நாளைக்கு விடுப்பு கேட்டாகிவிட்டது. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறேன், பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். வண்டியை வாசலில் விட்டுவிட்டு, நாளைக்கு அந்த நிறுத்தத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து இறங்குகிறோம்.